முதல் பஸ்ஸுக்குப் போக எந்த பஸ்?

பிப்ரவரி 6

பள்ளி வேனை இன்று ஒப்படைத்துவிட்டேன். இனி நகரத்து பஸ். எனக்குக் கிடைத்திருப்பது அதிகாலை ஷிப்ட். அன்றைய முதல் வண்டியை டிப்போவிலிருந்து எடுத்து, ஊரின் மறு கோடி வரை ஓட்டித் திரும்ப வேண்டும். ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று தடவை தாமதமாக வந்தால் வேலை போய்விடும் என்று டிப்போவின் டைம் கீப்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதற்குச் சிரிப்பு வேறு.

ஆகவே நகரத்தில் நாங்கள் குடி போகிற வீடு டிப்போவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதை என் கணவரிடம் சொன்னேன். "சரி சரி" என்றார். அவர் ஒரு சரி சொன்னால் காதில் விழுந்தது என்று அர்த்தம். இரண்டு சரி சொன்னால் விழவில்லை.

பிப்ரவரி 9

வரும் ஞாயிறு இருவருமாகப் போய் வீடு பார்ப்பதாக ஏற்பாடு. டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களை டிப்போவுக்குப் போன அன்றைக்கே நோட்டம் விட்டு வைத்திருக்கிறேன். பெரிய வீடு வேண்டாம். வெயில் வந்தால் போதும்.

பிப்ரவரி 11

வீடு முடிந்துவிட்டதாம்.

முடிஞ்சிடுச்சாம்! யாரு முடிச்சது? எப்ப முடிச்சது? நான் என்ன இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியா?

அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பல வருடமாக அந்த நகரத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில் ஒரு வீடு காலியாம். காலையில் போன் வந்ததாம். நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் இவர் கிளம்பிப் போய், பார்த்து, கையெழுத்தும் போட்டுவிட்டு மாலையில் கேக் பெட்டியோடு வந்து நிற்கிறார்.

"கிச்சன் அலமாரி எல்லாம் கச்சிதமான அளவு. செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்." இவர் வீட்டில் உட்கார்ந்தே அலமாரிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிறவர். ஒரு வீட்டில் அலமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடினால் இவருக்கு அது அரண்மனை.

"அது டிப்போவுக்கு நேர் எதிர்க் கோடிங்க."

"அதுதான் விஷயமே! வாசல்லயே பஸ் ஸ்டாப். மாற வேண்டாம், நடக்க வேண்டாம், நேரா டிப்போ. நீ ஓட்டப்போற அதே ரூட். அக்காதான் கண்டுபிடிச்சா!"

நான் ஓட்டப்போகிற அதே ரூட். அதன் முதல் பஸ்ஸே நான்தான். "அந்த பஸ்ஸை எடுக்க நான் எந்த பஸ்ல போறது?" என்று கேட்டேன்.

கேக் பெட்டியை மேசைமேல் வைத்தார். "அட" என்றார்.

எங்கள் மகள் வாலு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து வயதுக் குழந்தைக்குப் புரிந்தது. அக்காவும் தம்பியும் இத்தனை போன் பேசியும் புரியவில்லை. கேக்கை நான் தொடவில்லை.

பிப்ரவரி 12

அண்ணியிடம் நானே பேசினேன். "காலைல ஒரு வேளை சிரமம். அதுக்காகக் குடும்பத்தையே டிப்போ வாசல்ல கொண்டு வைக்கணுமா? புகை, தூசி. புள்ளைக்கு இருமல் வந்தா யாரு பொறுப்பு?"

இருமல் இன்னும் வரவே இல்லை. அதற்குள் அதற்கும் நான்தான் பொறுப்பு.

இப்போது பின்வாங்கினால் வீட்டுக்காரரிடம் அக்காவின் மரியாதை போய்விடும் என்கிறார் இவர். அக்காவுக்கு மரியாதை இருக்கிறது. வாலுவுக்கு இருமல்கூட இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 28

குடி வந்தாயிற்று. அலமாரிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 3

முதல் நாள். இருட்டில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பஸ் ஓட்டுகிற எனக்கு இரண்டு சக்கரம் மட்டும் வராது. வழியெல்லாம் கொட்டாவி.

வண்டி புதிது. ஸ்டீயரிங் கைக்குள் அப்படியே அடங்கியது. சீட்டுக்கு நானே தைத்த பச்சை மெத்தையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் வாசல் ஸ்டாப்பில் நிறுத்தியபோது வாலு பால்கனியில் நின்று கையாட்டினாள். காரணமில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது விதி. அடித்தேன். ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும் அல்லவா.

மார்ச் 14

பல் துலக்கிக்கொண்டே சண்டை. "உனக்காக என் தூக்கமே போச்சு" என்கிறார். எனக்காகவா? நான் பார்த்த வீடா இது? வாயில் நுரை இருந்ததால் பாதிதான் கேட்க முடிந்தது. மீதியைப் போகும் வழியில் அவர் முதுகிடம் கேட்டேன்.

மார்ச் 17

முதல் தாமதம். டைம் கீப்பர் ஒரு விரலைக் காட்டினார். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 22

எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுப்பினேன். "அஞ்சு நிமிஷம்" என்று புரண்டு படுத்துவிட்டார். மறுபடி எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மனம் இல்லை, ரோஷம். டாக்சியைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றவன் வரவில்லை. அடுத்தவன் போனையே எடுக்கவில்லை. யூனிபார்ம் போட்டுக்கொண்டு அந்த வாசல் ஸ்டாப்பில் நான் நின்றேன். எங்கே போவது? ஓடினால் போய்ச் சேர்கிற தூரமா?

விடியும் நேரத்தில் முதல் பஸ் வந்தது. என் பஸ்.

மாற்று டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். டிப்போவில் எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவர். "என்னம்மா, இங்க நிக்கிறீங்க?" என்றார். பாவம், கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் என் பச்சை மெத்தையில் உட்கார்ந்திருந்தார். டிப்போவில் கையெழுத்துப் போடாமல் நான் வண்டியைத் தொடக் கூடாது. அதனால் டிக்கெட் எடுத்தேன். என் பஸ்ஸில் நானே டிக்கெட் எடுத்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வளைவுகளில் அவர் ப்ரேக் போடுவதைப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே அவ்வளவு அழுத்த வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், "லேட்டாயிடுச்சாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

டைம் கீப்பர் இரண்டு விரல்.

மாலையில் அண்ணி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, நல்லவேளை வாசல்லயே பஸ் கிடைச்சுது."

நான் எழுந்து சமையலறைக்குப் போய் அலமாரிக் கதவை ஓங்கி அடித்தேன். அது சத்தமில்லாமல் மெதுவாக மூடிக்கொண்டது. சனியன்.

மார்ச் 23

யாரோடும் பேசவில்லை.

மார்ச் 24

டிப்போவுக்கு எதிரே, டயர் கடை மாடியில் ஒரு அறை எடுத்துவிட்டேன். நானே பார்த்தேன், நானே கையெழுத்துப் போட்டேன், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வருவேன், வாலுவோடு இருப்பேன், இருட்டுமுன் அறைக்குத் திரும்புவேன். இனிமேல் இப்படித்தான்.

சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.

ஏப்ரல் 2

அறை முழுக்க ரப்பர் வாசனை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று, பிறகு இருமல், பிறகுதான் தண்ணீர். அண்ணி பயந்த இருமல் இந்தக் குழாய்க்குத்தான் வந்திருக்கிறது. நான் அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறேன். தாமதமே இல்லை.

ஆனால் வாலுவுக்கு அவர் பின்னுகிற ஜடை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. "அப்பாவுக்கு நேர்கோடுதான் வரும், பின்னல் வராது" என்கிறாள். போனில் அவளோடு சிரித்துவிட்டு, வைத்த பிறகு அழுதேன். கோபம் குறைந்ததா என்று பார்த்தேன். இல்லை. அப்படியே இருக்கிறது. ஏன் குறைய வேண்டும்?

ஏப்ரல் 9

காலையில் வாசல் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். வாலு அண்ணி வீட்டில் தூங்குகிறாள் என்றார். டிக்கெட் எடுத்துக்கொண்டு எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

"இங்க பாரு..." என்று ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினேன். "வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது." வாயை மூடிக்கொண்டார். சிக்னலில் நின்றபோதும் பேசவில்லை. நின்றால் அது ஓடுகிற கணக்கா இல்லையா என்று யோசித்திருப்பார். அவர் சுபாவம் அப்படி.

டிப்போவுக்குத் திரும்பியதும் எல்லோரும் இறங்கினார்கள். எஞ்சினை அணைத்தேன்.

"இப்ப பேசலாமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பேசுவதற்கு முன்னால் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பேசுங்க."

"நேத்து, அன்னிக்கு நீ கிளம்பின நேரத்துக்கு எழுந்து வாசல்ல நின்னு பாத்தேன். ஒண்ணுமே இல்ல. ஒரு நாய்கூட இல்ல. அங்க நீ தனியா நின்னியா?"

நான் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"டிப்போ பக்கம் நீ பாத்து வச்ச தெருவு எது? எனக்குக் காட்டுவியா?"

"ஷிப்ட் முடியட்டும்" என்றேன்.

ஏப்ரல் 13

மூன்று பேரும் வீடு பார்த்தோம். முதல் வீட்டில் வெயில் இல்லை. இரண்டாவது வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் காட்டி, "அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அண்ணி போன் செய்தார். "பாத்துக்கிட்டிருக்கோம்கா, அப்புறம் பேசறேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

மூன்றாவது வீடு டிப்போவின் பின் தெருவில். முன்னறை முழுக்க வெயில். சமையலறை அலமாரிக் கதவுகள் மூன்றும் மூன்று திசையில் தொங்கின. அவர் ஒன்றைத் திறந்தார். அது கையோடு வந்துவிட்டது. என்னவோ சொல்ல வந்தார், பிறகு கதவைப் பதமாகச் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

படியேறும்போதே பிடித்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நாளை வரை காத்திருக்கட்டும்.