பழனாத்தாளின் தோள் ஆறிய நாட்கள்

3-2-1936, திங்கள்

தபால் பஸ் இன்று ஒன்றரை மணி நேரம் தாமதம். பையில் பதினாறு கடிதங்கள், இரண்டு மணியார்டர். தபாலாபீசிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வந்தபோது கொடியில் காய்ந்த பழனாத்தாளின் ரவிக்கை கண்ணில் பட்டது. வலது தோளுக்குப் பின்புறம் துவைத்தும் போகாத பழுப்புக் கறை.

கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. மரு ஒண்ணு இருக்குது, உரசி உரசி ரத்தம் வருது" என்றாள். எத்தனை நாளாக? தீபாவளியிலிருந்தாம். மூன்று மாதம்!

காட்டு என்றேன். மிகவும் கூச்சப்பட்டுக் காட்டினாள். சுண்டைக்காய் அளவு. ஓரங்களில் மை ஊறிய காகிதம் போலக் கறுப்பு பரவியிருக்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். என் மனைவியின் முதுகில் ஒரு மரு இருப்பது எனக்குத் தெரியாது.

அடுத்த தெருவிலிருந்து அக்கா நஞ்சம்மாள் வந்து பார்த்தாள். குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டினால் ஏழு நாளில் விழுந்துவிடும் என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் லட்சுமணசாமியிடம் யோசனை கேட்டேன். கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறாராம். நான் போய்வரும் வரை தபாலாபீசையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லீவு எழுதிப் போட்டேன் – காரணம்: மனைவி சுகவீனம்.

6-2-1936, வியாழன்

காங்கேயம் வரை வண்டி, அங்கிருந்து பஸ். பழனாத்தாள் வழியெல்லாம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கிருபாவதியம்மாள் மருவை நெடுநேரம் பார்த்தார். இன்றே எடுத்துவிட வேண்டும் என்றார். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து வெட்டினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில். அரைமணிகூட ஆகவில்லை, எனக்கு அரைநாள். ஐந்து தையல்.

வெட்டிய துண்டைச் சீசாவில் போட்டுப் பட்டணத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களாம். "எதுக்குங்க?" என்றேன். "சில மரு கெட்டதாப் போயிரும். இது எப்படின்னு அங்கதான் சொல்லணும். கடுதாசி வர மூணு வாரம் ஆகும்" என்றார். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

8-2-1936, சனி

ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போது நர்ஸ் அற்புதம் கேட்டாள்: "ஊட்டுல கட்டு மாத்தறது ஆருங்க? தினமும் மாத்தோணும். அவிங்களுக்குத் தன் கை எட்டாது."

அக்கா என்றேன். "நங்கையாளுக்குக் கண்ணு மங்கலுங்க" என்று பழனாத்தாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். நாத்தனாரான அக்காவை அவள் அப்படித்தான் அழைப்பாள். கடைசியில், நானே செய்கிறேன் என்றேன். எப்படிச் சொன்னேனோ!

அற்புதம் என் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள் – முத்திரை மை. "இந்தக் கையோட தொடாதீங்க. நகம் வெட்டுங்க. சோப்புப் போட்டு மூணு தரம் கழுவுங்க." தலையணையைத் தோள் என்று வைத்துக்கொண்டு நாலு முறை கட்டச் சொன்னாள். துணியை வேகவைக்க வேண்டும். ஆறிய வெந்நீர், போரிக் பவுடர். பழைய கட்டு ஒட்டியிருந்தால் நனைத்தபிறகே எடுக்க வேண்டும். எண்ணெய்க் குளியல் கூடாது. மூன்று வாரம் தண்ணீர் சேந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது; தையல் பிரிந்துவிடும். எல்லாவற்றையும் தந்தித்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

9-2-1936, ஞாயிறு

முதல் கட்டு. பதற்றத்தில் நனைக்க மறந்து இழுத்துவிட்டேன். முந்தானையைக் கடித்துக்கொண்டாள், சத்தமே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

10-2-1936, திங்கள்

நனைத்து எடுத்தேன். ஒட்டவில்லை.

12-2-1936, புதன்

அக்கா சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள், நல்லவள். ஆனால் அவளால் வாயை அடக்க முடியவில்லை. "ஆம்பள, ரத்தத் துணிய வேகவெச்சுட்டு உக்காந்திருக்கான். ஊரு சிரிக்குது நஞ்சுண்டா" என்கிறாள். கத்தரிக்காய் போட்டால் சீழ் வைக்கும், கருவாடு ஆகாது, முட்டை சூடு என்று பத்தியம் வேறு. டாக்டர் முட்டையும் பாலும் கொடுக்கச் சொன்னார். கொடுக்கிறேன்.

ஊர் சிரிக்கிறதா? தெரியவில்லை. ஆனால் கிணற்றடியில் பெண்கள் கூடியிருக்கும் நேரத்தில் குடத்தோடு போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. வெயில் ஏறி அவர்கள் போனபிறகு போகிறேன்.

14-2-1936, வெள்ளி

நான் என்ன மனுஷன்!

நேற்று தபால் பை சீக்கிரம் வந்துவிட்டது என்று தண்ணீர் எடுக்காமலே போய்விட்டேன். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் போய்ச் சேந்தியிருக்கிறாள். சொல்லவும் இல்லை. இன்று கட்டைப் பிரித்தால் நடுவில் ஒரு தையல் அறுந்து சுற்றிலும் சிவப்பு. தொட்டால் கொதிக்கிறது.

"ஏம்புள்ள போன?" என்று கத்திப்போட்டேன்.

"நீங்க அந்தப் பொம்பளைங்க முன்னால நிக்கக் கூச்சப்படறது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

15-2-1936, சனி

காலையில் காய்ச்சல். மறுபடி கோயமுத்தூர். பஸ்ஸில் என்மேல் சாய்ந்துகொண்டே வந்தாள், உடம்பு நெருப்பாக. டாக்டர் இரண்டு தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொன்னார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "இனிமே நீங்க சேந்துங்க" என்றார், அவ்வளவுதான்.

18-2-1936, செவ்வாய்

நேற்றே காய்ச்சல் விட்டது. மற்றத் தையல்களையும் எடுத்து இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஒரு அங்குலம் திறந்தபடிதான் இருக்கிறது; அடியிலிருந்து தானாகத் தூர்ந்து வருமாம்.

19-2-1936, புதன்

காலை ஆறரைக்குக் கிணற்றுக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள். பேச்சு நின்றது. ராட்டினம் மட்டும் கிரீச்சிட்டது. கருப்பாத்தாள் தன் குடத்தை நகர்த்தி, "வாங்க தபாலாபீசய்யா, மொதல்ல நீங்க சேந்திக்குங்க. அம்மணிக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றாள். சொன்னேன். ஆறு குடம் எடுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்தான் என்ன!

23-2-1936, ஞாயிறு

புண் ரோஜா நிறமாக இருக்கிறது. அதுதான் நல்லது என்று அற்புதம் சொல்லியிருந்தாள்.

ஒன்று கவனித்தேன். கட்டு மாற்றும்போது பழனாத்தாள் பேசுகிறாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதுகை என்னிடம் கொடுத்துவிட்டு ஏதேதோ பேசுகிறாள். சென்னிமலைத் தேரில் சின்ன வயதில் காணாமல் போனது, எருமைக்குக் கொம்பு ஒடிந்தது, என் அம்மாவுக்குப் பயந்து அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டது. கட்டு முடிந்ததும் எழுந்து பழையபடி "ஏனுங்க, சோறு போடட்டுங்களா" என்பதோடு சரி.

நான் கட்டை மெதுவாகக் கட்டப் பழகிக்கொண்டேன்.

26-2-1936, புதன்

வந்தது. பையைக் கொட்டியதும் மேலாகக் கிடந்தது, ஆஸ்பத்திரி முத்திரையோடு, என் பெயருக்கு. என் கையாலேயே தேதி முத்திரை குத்தினேன். முழுப் பையையும் பிரித்து அடுக்கி, தபால்காரர் அங்கப்பனை அனுப்பி, கதவைச் சாத்திய பிறகே உடைத்தேன். அதுவரை அது மேஜையில் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

தட்டச்சில் இங்கிலீஷ், பட்டணத்து ரிப்போர்ட்டின் நகல். விலாசம் படிக்கிற அளவு இங்கிலீஷ்தான் எனக்கு. இதில் ஒரு வரிகூட ஏறவில்லை. நீள நீளமான வார்த்தைகள். நீளமான வார்த்தை என்றாலே கெட்டதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. காகிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பிள்ளைகள் எல்லாம் பார்க்க, வகுப்பு நடுவில்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மறுபடி வாசித்தார். அகராதியை எடுக்க எழுந்தவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "ஏப்பா நஞ்சுண்டா, பின்னால திருப்பிப் பாத்தியா?" என்றார்.

பின்பக்கம் தமிழில், டாக்டரம்மாவின் கையெழுத்து: "கெட்ட மரு அல்ல. பயப்பட வேண்டியதில்லை. கட்டை நிறுத்தாமல் மாற்றி வரவும்."

வகுப்பில் உட்கார இடம் கேட்டு, முன் பெஞ்சியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், சீசாவில் போட்டு அனுப்பியதிலிருந்து. "அத்தன நாளும் தனியாவா வெச்சிருந்தீங்க?" என்றாள். நீயும்தானே மூன்று மாதம் தனியாக வைத்திருந்தாய் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

1-3-1936, ஞாயிறு

இன்று கட்டும்போது எங்கள் குழந்தையைப் பற்றிப் பேசினாள். முப்பத்தெட்டு நாள் இருந்து போனது. பெயர்கூட வைக்கவில்லை. வைக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"மனசுக்குள்ள வெச்சிருந்தேனுங்க. சாந்தாமணின்னு."

எட்டு வருஷம். அந்தப் பெயரை ஒருமுறை சொன்னேன். தோள் குலுங்கியது. கட்டு நகராமல் பிடித்துக்கொண்டேன்.

10-3-1936, செவ்வாய்

மூடிவிட்டது. மேலே மெல்லிய பொருக்கு. பிய்க்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். அரிக்கிறது என்கிறாள். ஆறுகிற புண்தான் அரிக்கும் என்று நான் பெரிய வைத்தியன் போலச் சொன்னேன்.

15-3-1936, ஞாயிறு

கருப்பாத்தாள் காலில் அரிவாள் வெட்டோடு வந்து, கட்டுப் போடச் சொல்லி வாசலில் நின்றாள். பழனாத்தாளே வெந்நீர் வைத்து, சோப்பை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நகத்த வெட்டுனயா நஞ்சா?" என்றாள்!

20-3-1936, வெள்ளி

பொருக்கு உதிர்ந்தது. வெள்ளரி விதை போல ஒரு தழும்பு. இனிக் கட்டு வேண்டாம். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போதும், அதை இடது கையைத் தோளுக்கு மேலாக நீட்டி அவளே தடவிக்கொள்ள முடிகிறது. எனக்குக் காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் ஒரு குடம் சேந்தினேன்.

26-3-1936, வியாழன்

மத்தியானம் சோறு போட்டுவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கு ஒருக்காப் போலாமுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிக்கிறதா, மறுபடி சிவந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு இல்லீங்க. சும்மாத்தான். ரெண்டு தடவை போயும் ஊரையே பாக்கலைங்க. மொதத் தடவை பயம், ரெண்டாந் தடவை காய்ச்சல். கடைத்தெருவுல நடக்கோணும். அந்த ரயிலு வர்றதப் பாக்கோணும். வளையல் போட்டுக்கோணும்." ஒவ்வொன்றாக என் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். சோறு ஆறிப்போனது. என்னுடையதும்தான்.

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சற்று யோசித்தேன். சொந்த வேலை என்று எழுதினேன்.