சாட்சி சொன்ன பிறகு வந்த தலைவலி

நாரணாபுரம்
ஆகஸ்ட் 1964, சனிக்கிழமை

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் உன் கூடவே கர்த்தர் இருந்து காக்கணும்னு தினமும் கேக்குறேன். இங்கன நாங்க சுகம்னு வழக்கம்போல எழுத எனக்குக் கை வரலை தாயி, உன் தம்பி நேசகுமாருக்கு அந்தத் தலைவலி திரும்ப வந்துட்டுது.

அவனை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்ததும், நீ மருந்து வாங்கி அனுப்பியதும் உனக்குத் தெரியும். அப்பா உனக்கு எழுதாததை நான் எழுதுறேன். டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னாக. சபையார் கூடிச் சாப்பிடுற அசனப் பண்டிகைக்குக் கோயிலை வெள்ளையடிக்கையில் மணிக்கூண்டில் ஏறிப் புறா எச்சத்தைச் சுரண்டினானே, அந்தத் தூசியோட இந்தக் கிருமி மூச்சு வழியா உள்ளே போய் மூளைக்கு ஏறியிருக்கும், ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டு மாதிரி அது ஒரு ஜாதியாம். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணு அதை முழுங்கிருமாம். முழுங்கினா செத்துப்போகும்தானேன்னு கேட்டேன். இல்லம்மா, இது தடிச்ச போர்வையைப் போத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்து மொட்டு விட்டுப் பெருகும், முழுங்கினதையே உடைச்சுக்கிட்டு வெளியே வரும், காய்ச்சல் விட்டதும் தீர்ந்துட்டுதுன்னு இருந்துராதீக, மருந்து முழுசும் ஏறணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாக.

யாரு கேட்டா? மருந்து ஏறுறப்போ பிள்ளைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், கண்கொண்டு பார்க்க முடியாதுதான். பாதி மருந்திலேயே காய்ச்சல் விட்டு வலியும் நின்னுட்டுது. அம்புட்டுத்தான், ஆண்டவர் சுகம் தந்துட்டார்னு அப்பா அவனைக் கூட்டிட்டு வந்துட்டாக. அந்த ஞாயிறே சபை நடுவே அவனைப் பக்கத்தில் நிறுத்தி, ஆண்டவர் என் மகனைச் சுகமாக்கினார்னு சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாக. சனமெல்லாம் அழுதுச்சு, நானும் அழுதேன். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அப்பாகிட்ட சொன்னா, சாட்சி சொன்ன வாயோட எப்படிப் போக, நாலு பேர் ஆண்டவரைப் பழிக்க மாட்டாகளாங்கிறாக. இவனும் அப்பாவுக்குத் தலைகுனிவு வந்துரக் கூடாதுன்னு வலிக்கலைங்கிறான். நேத்து தட்டில் சோறு போட்டா, ஒரு தட்டு ரெண்டாத் தெரியுதும்மான்னு என் காதில் மட்டும் சொன்னான். உள்ளே கிருமி திரும்பப் பெருகுதுன்னு எனக்கு விளங்கிட்டுது. டாக்டரம்மாவையும் மருந்தையும் தந்தது அதே ஆண்டவர்தானே, இந்த மனுசனுக்கு அது ஏன் விளங்க மாட்டேங்குது?

நாளைக்கு நானே அவனைக் கூட்டிட்டுப் போறேன். பஸ் கோயில் வாசலில்தான் நிக்கும், ஆராதனைக்கு வர்ற நேரம், அம்புட்டுப் பேரும் பார்ப்பாக. பார்க்கட்டும். யாராச்சும் கேட்டா, என் பிள்ளைக்கு இன்னும் சுகமாகலைன்னு அங்கனயே நின்னு நானும் ஒரு சாட்சி சொல்லிட்டுப் பஸ் ஏறுறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு தாயி. இன்னும் மருந்து வேணும்னா தந்தி அடிக்கிறேன், உடனே அனுப்பு. அப்பாவுக்குக் கோபமா எழுதிராதே, அவுகளும் ராத்திரி தூங்குறதில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உனக்காகவும் அவனுக்காகவும் ஜெபிக்கிற
அம்மா ஞானதீபம்