ஏழாம் பாடத்தில் நான் போட்ட ‘புரிந்தது’

பாகாலா பாசஞ்சரில் ஒருநாளும் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுத் தராத என் அன்புத் தேவகிக்கு,

உன்னை எடுத்த அன்று நான் அழுத அழுகையை உங்கள் ஊர் பாலசமுத்திரமே நின்று பார்த்தது. கூட்டாளி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று உங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சோடா வாங்கிவந்து என் வாயிலேயே ஊற்றினாள். வெட்கத்தை விட்டு இப்போது சொல்கிறேன்: அந்த அழுகையில் பாதிதான் துக்கம். மீதிப் பாதி, ‘இனி இவளுக்குத் தெரியவே தெரியாது’ என்ற நிம்மதி.

எது தெரியாது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாதே. உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்.

நான் திருப்பதியில் ஏறி, சித்தூரில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்கிற ஆபீசுக்குப் போகிற கிளார்க். நீ பாகாலாவில் இறங்கி, இண்டர், அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தந்தவள். என் அண்ணன் உன்னைக் கட்டவில்லை, உன் தம்பி என்னைக் கட்டவில்லை. ஆனாலும் தெலுங்குச் சீமை ரயிலில் இரண்டு பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஒருத்திக்கு ஒருத்தி ‘வதினா’தான், நாத்தனார் உறவுதான். அப்படி ஆனோம்.

அந்த பெஞ்சில்தான் நீ குவாண்டம் கணினியைப் பற்றி என்னிடம் சொன்னாய். அதற்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் பாடங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு கூட்டம் சேர்ந்து எழுதுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது என்றாய். எங்கள் எதிர்வீட்டு மாமியிடம் இதைச் சொன்னேன். “சம்பளம் இல்லேன்னா சேவையா?” என்றாள். ஆமாம் என்றேன். “பிரசாதமாவது உண்டோ?” என்றாள். திருப்பதியில் பிறந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நீ போட்ட சட்டம். எந்தப் பாடமும் வெளியே போகுமுன் ஒன்றும் தெரியாத ஒருவர் அதைப் படிக்கவேண்டும். அவர் எங்கே புரியாமல் நிற்கிறாரோ அங்கே தவறு பாடத்துமேல், அவர்மேல் இல்லை. அவர் ‘புரிந்தது’ என்று எழுதிப் பெயர் போட்டால்தான் பாடம் இணையத்தில் ஏறும். அந்த வேலைக்கு ஆள் தேடியபோது நீ தூரம் போகவில்லை.

“உன்ன மாதிரி கலப்படம் இல்லாத மக்கு இந்த லைன்லயே கெடைக்காது வதினா” என்றாய். “மொதல்ல துன்னு. துன்னுட்டு இதப் படி.”

இப்படியாக முதல் ஆறு பாடங்களின் அடியிலும் என் பெயர் ஏறியது: ‘புதியவர் படித்துப் பார்த்தார். புரிந்தது. வேதவல்லி, அலுவலக எழுத்தர்.’ நான் நின்ற இடங்களையெல்லாம் நீ திட்டிக்கொண்டே திருத்தினாய். என் மக்குத்தனத்துக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டாயிற்று.

ஏழாம் பாடத்தை நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதி முடித்தாய். தலையில் மஞ்சள் ஸ்கார்ப், மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். கணினிக்குள் தலை மேலாக ஒரு காசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கியிருந்தாய். ஒருமுறை சுண்டினால் பூவும் தலையும் பாதிப்பாதி. சரி, நம் ஊர்க் காசும் அப்படித்தான். பார்க்காமலே இன்னொருமுறை சுண்டினால் நம் ஊர்க் காசு மறுபடியும் பாதிப்பாதியாகத்தான் விழும். உன் காசோ, இப்படி இரண்டிரண்டு முறையாக ஆயிரம் தடவை செய்தாலும் தலையாகவே வந்து நிற்கிறது. ஏன்? ‘இங்கே ஒரு கழித்தல் குறி வருகிறது. அதனால் பூவுக்குப் போகும் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன’ என்று எழுதியிருந்தாய்.

கழித்தல் குறி வருகிறதாம். எங்கிருந்து வருகிறது, எந்த வண்டியில் வருகிறது, யார் அனுப்பினார்கள்? ஒன்றும் புரியவில்லை. நாலு தடவை படித்தேன். நிமிர்ந்தால் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“என்னா வதினா, அர்த்தமாச்சா?”

“ஆச்சு.”

“அந்த மைனஸு?”

“அதான் வரதுன்னு எழுதியிருக்கியே.”

“நெஜமா? ஒவ்வொரு பாடத்துலயும் ரெண்டு எடத்துல நின்னுக்கினு என் உசுர வாங்குவியே.”

“இந்தத் தடவை நிக்கலை. சர்ருன்னு போயிடுத்து.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். “அப்ப போடு” என்றாய். போட்டேன். சித்தூர் கிரி, மென்பொருள் கம்பெனிக்காரன், நம் பாடங்களை ஏற்றுகிறவன், டீ ஆறுவதற்குள் அதை ஏற்றிவிட்டான். அன்று சாயங்காலம் நீ இரண்டு இட்லி சாப்பிட்டாய். நர்ஸ் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். என் பொய் மருந்தாக வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. ஆஸ்பத்திரி லிப்டில் இறங்கும்போது கண்ணாடியில் என்னை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டேன், தேவகி.

பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

அதற்குப்பின் நடந்தவை: உன் இடத்தில் புது லெக்சரர் வந்திருக்கிறார், ரயில்வே கேன்டீன் வடை இன்னும் சின்னதாகிவிட்டது, கிரிக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோய் மறுபடி நிச்சயமாகியிருக்கிறது (காரணம் தெரியும், கடிதத்தில் எழுத முடியாது). உன் நைனா, மகள் எழுதியது என்று, ஏழாம் பாடத்தின் முதல் பக்கத்தைக் கலரில் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மேலே உன் பெயர். கீழே என் ‘புரிந்தது’. உலகத்தில் எத்தனை பேருடைய பொய்க்குக் கண்ணாடி போட்டு மாலையும் போடுவார்கள்?

பாடத்தின் அடியில் கேள்விகள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே கேள்வி. கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது? சிலர் கேட்டார்கள். பலர் கேட்கக்கூட இல்லை, ஆறாம் பாடம் வரை வந்துவிட்டுக் காணாமல் போனார்கள். கிரி என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, எனக்கு அது கணக்குல வரும், வாயில வரமாட்டேங்குது. உங்களுக்குத்தான் புரிஞ்சிதே. நீங்க எப்டி புரிஞ்சிக்கினீங்களோ அப்டியே நாலு வரி எழுதிக் குடுங்க.”

மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற வேலை இருக்கிறது என்றேன். அப்போது ஆடி மாதம்.

பிறகு கார்வேட்டிநகரத்திலிருந்து கஜேந்திரன் எழுதினார். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ‘ஒரு அலுவலக எழுத்தருக்குப் புரிந்தது, இத்தனை வருடம் கணக்கு சொல்லித் தந்த எனக்குப் புரியவில்லை. தவறு என் மண்டையில். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் சேவைக்கு நன்றி.’ நன்றி என்ற வார்த்தை அப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியாது. கிரியிடம் நம்பர் வாங்கிப் பேசினேன்.

“ஐயோ மேடம், நீங்களா? அந்த ஒரு வரியவே மூணு வாரமா பாத்துக்கினு கீறேன் மேடம். எட்டாங்கிளாஸ் பசங்களுக்குச் சொல்லித் தரேன்னு எட்மாஸ்டர்கிட்ட வாய வுட்டுட்டேன். இப்ப அந்தாளப் பாக்க பயந்துக்கினு பின்கேட்டால பூந்து பூந்து போறேன்.”

“நிதானமா இன்னொரு தடவை படிச்சுப் பாருங்கோ” என்றேன். நாக்கு அழுகவில்லை.

“படிக்கிறேன் மேடம். ஆனா உங்க அளவுக்கு நமக்கு மூள எங்க?”

என் ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒருவர் என் அளவுக்குத் தனக்கு மூளை இல்லை என்கிறார். வேறு நாளாக இருந்தால் அதை எழுதி வாங்கி வாசலில் ஒட்டியிருப்பேன். அன்று சாதம் இறங்கவில்லை. தவறு படிக்கிறவர்மேல் இல்லை என்று நீ போட்ட சட்டத்தை வைத்தே, படிக்கிறவர்களை நான் மக்காக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ‘புரிந்தது’ பொய்யாக விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கிரியிடம் யாரோ எவரோ மாதிரிக் கேட்டேன். “பாடத்த எறக்கிடணும்க்கா. மறுபடி எழுதி, மறுபடி ஒரு மக்கு படிச்சி, அப்பறம்தான் ஏத்தணும். தேவகி மேடம் போட்ட ரூல்தானே” என்றான். நீ கடைசியாக எழுதியது. உன் பெயர் மட்டும் தனியாகத் தலைப்பில் இருக்கிற ஒரே இடம். அதை இறக்கச் சொல்கிற வாய் என் வாயாக இருக்கவேண்டுமா? இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதை நீ நம்பமாட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். போன் திரையில் எட்டு முகம். “ஏழாம் பாடம் எனக்குப் புரியலை. அன்னிக்கும் புரியலை. அவ படுத்திண்டிருந்தா, மனசு கேக்கலை, போட்டுட்டேன்” என்றேன். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கிரி மட்டும் பேசினான். “அப்ப எத்தன பேருக்கா இதப் படிச்சிட்டு, நம்மளுக்கு இது வராதுன்னு மூடி வச்சிட்டுப் போயிருப்பாங்க?” என்று கேட்டான். அன்றைக்கே பாடத்தை இறக்கிவிட்டான்.

உன் நைனாவுக்கு வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மறுநாள் லீவு போட்டு பஸ் பிடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“தப்பா எழுதிட்டாளா?”

“தப்பில்லை நைனா. ஒரு இடம் விளங்கலை. எனக்கு அப்பவே விளங்கலை, ஆஸ்பத்திரியில. அவ உடம்பு இருந்த இருப்புல சொல்ல மனசு வரலை.”

“அப்ப அவ இருந்தாளே.”

அவர் வாளியை மாட்டின் பக்கம் நகர்த்திவைத்தார்.

“பதினோரு நாளு இருந்தாளேம்மா. இன்னும் எதுனா வேல கீதா, எதுனா வேல கீதான்னு அந்தப் பொட்டிய மடியில வச்சிக்கினு கேட்டுக்கினே இருந்தா. எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு சொன்ன பொறவுதான் செவுத்தப் பாத்துக்கினு படுத்தா. புரியலன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுதிக்கினு இருந்திருப்பாளே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. வாளியை எடுத்துவைத்துவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாவுது, போ” என்றார். சுவரில் மாட்டிய சட்டத்தை அவர் கழற்றவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான். உன் சந்தோஷத்துக்காக என்று நினைத்து உன் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிவிட்டேனா? அந்த ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாயே, அப்போது உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் ஏன் ‘போடு’ என்றாய்? மக்கு வருத்தப்படுவாளே என்று நீயும் எனக்காக விட்டுக்கொடுத்தாயா? பதில் சொல்ல நீ இல்லை. பதில் வைத்திருக்கிற ஆள் போனபிறகு கேள்வி கேட்பதே என் பிழைப்பாகிவிட்டது.

கஜேந்திரனிடமும் சொல்லிவிட்டேன்.

“அப்ப நீங்களும் மக்குதானா மேடம்?”

“முழு மக்கு.”

“ஐய, இத மொதல்லயே சொல்லக் கூடாதா! பொண்டாட்டிகிட்டக்கூட சொல்லாம புழுங்கிக்கினு இருந்தேனே!” என்று கத்தினார். அந்த மனிதரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் கிரி. கிரி வாய் திறந்தால் இரண்டு மக்கும் சேர்ந்து நிறுத்துகிறோம். தலையைச் சுண்டும்போது கழித்தல் வருவதில்லை, பூவைச் சுண்டும்போதுதான் வருகிறது என்கிற வரை வந்திருக்கிறோம். பூவுக்கு மட்டும் ஏன் என்கிற இடத்தில் நிற்கிறோம். நிற்கிறோம் என்று சொல்லிவிட்டே நிற்கிறோம்.

சத்தியம் செய்கிறேன், வதினா. அந்த இடம் என் மண்டையில் நிஜமாக விழுகிறவரை அந்த வார்த்தையை எழுதமாட்டேன். எழுதும் நாளில் பாடம் மறுபடி ஏறும், உன் பெயர்தான் முதலில் நிற்கும். அன்றைக்கு உன் நைனா என்னைத் திட்டித் தீர்த்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

நீ படுத்திருந்தாய், மனசு கேட்கவில்லை, அதனால்தான் பொய் சொன்னேன் என்று கூட்டத்தில் சொன்னேன், நைனாவிடம் சொன்னேன், இவ்வளவு நேரம் உன்னிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பாடமும், நீ திருத்தியபிறகுகூட, எனக்குப் புரியவில்லை. அப்போது நீ குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தாய். எனக்குப் பசித்தது, போட்டுவிட்டேன். இதைக் கிரியிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் வதினா,
வேதா