பெரிய சில்லுகளும் உமது கையும்

புது ரப்பரின் மணம் நாலு நாளாகியும் கராஜை விட்டுப் போகவில்லை. சரவணை ஊர்க்காரர் ஒருவர் புது யப்பான் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். தெற்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர். மழை வெள்ளத்துக்கு வண்டி உயரமாக நிற்க வேண்டுமாம். பெரிய சில்லுகள் நாலையும் தானே வாங்கிவந்து சுவரில் சாத்திவிட்டு, "உதைப் பூட்டித் தாங்கோ. நீங்கள்தான் உந்த வேலைக்குக் கெட்டிக்காரன் எண்டு சொல்லுகினம்" என்றார்.  என்னை முதன்முதலில் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் என் கூட்டாளியான நீர். சாகும்வரை அப்படியே சொன்னீர். அந்தப் பேச்சுத்தான் என்னை இருக்கவிடாமல் தின்கிறது.

எழுபதுகளின் நடுவில், வெளியிலிருந்து ஒரு சாமானும் வராத காலம் அது. உம்முடைய பழைய பிக்கப் ஒரு லொறி இழுக்கிற பாரத்தை முனகாமல் இழுக்கும். ஆனால் அதன் அளவுக்கு ரயர் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. இருந்த நாலும் மொட்டையாகி நூல் தெரிந்தது. போதாக்குறைக்கு மாரி வந்தால், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலுக்குள் போட்ட அந்த ஒடுங்கிய தாம்போதித் தெருவின் மேல் தண்ணீர் ஏறிவிடும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நீர் நடுவழியில் நிற்பீர். ஒருநாள் உடைத்து விற்ற லொறி ஒன்றின் சில்லுகள் நாலை ஏற்றிக்கொண்டு என் கராஜுக்கு வந்தீர். முகத்தில் அப்படி ஒரு சந்தோசப் புளுகம்.

"என்ன காணும், உது எங்கடை வண்டிக்குப் பொருந்துமோ?"

நட்டுத் துளைகள் அச்சொட்டாகப் பொருந்தின. ரயர்தான் நாலு விரல் உயரம் கூட.

"உரசாதோ?" என்றீர்.

"நான் பூட்டினால் உரசாது" என்றேன். வாய்க்கொழுப்பு.

வண்டியைத் தூக்கி மரக்குற்றிகளில் நிறுத்தினோம். சில்லுக்கு மேலிருக்கும் மட்காட்டின் உள்விளிம்பை அரிந்தெடுத்தோம். ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டித் திருப்பிப் பார்த்தோம், எங்கும் படவில்லை. அந்தரத்தில் தொங்குகிற சில்லு எங்கே உரசப் போகிறது? பாரம் ஏற்றி வண்டி கீழே அமர்ந்தால்தானே குட்டு வெளிப்படும். இது எனக்குத் தெரியாத விசயமல்ல. அன்றைக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை. வண்டியை இறக்கியபோது அது ஆட்டுக்கு மாட்டின் கால் வைத்ததுபோல் நின்றது. உம்முடைய மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏணி ஒண்டும் சேர்த்துச் செய்து தாங்கோ அண்ணை" என்றா. நீர் விழுந்து விழுந்து சிரித்தீர்.

மூன்றாம் நாள் பொயிலைச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு வந்தீர். "திருப்பேக்கை உரசுது காணும்." குனிந்து பார்த்தேன். ரயரின் தோள் தேய்ந்திருந்தது. உரசாது என்று சொன்ன வாயால் உரசும் என்று சொல்ல எனக்கு வெட்கம். உம்மைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, முன் அச்சில் சில்லு திரும்பி முட்டி நிற்கும் இடத்தில் ஒரு பழைய நட்டை வெல்டிங் பிடித்தேன். இனிமேல் சில்லு முன்னைப்போல் முழுதாகத் திரும்பாது. திரும்பாத சில்லு உரசாது. பெரிய வித்தை!

"என்ன செய்தனீர்?" என்று வந்து கேட்டீர்.

"ஒண்டுமில்லை. கொஞ்சம் தட்டி விட்டனான்."

"ஸ்ரியறிங் பாரமாக் கிடக்கு."

"பெரிய சில்லெண்டால் அப்பிடித்தான். பழகிடும்."

நீர் நம்பினீர். அன்றைக்கு நான் ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்: "இனி ஒரே வெட்டிலை திரும்பாது, பின்னுக்கு எடுத்துத் திருப்பும்." இதைச் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

தாம்போதியின் நடுவில் எதிர்வண்டிக்கு விலகுவதற்கென்று கொஞ்சம் அகலமான இடம் ஒன்று இருந்தது. மற்றச் சாரதிகள் அங்கே முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத் திணறுவார்கள். நீர் மட்டும் ஒரே வெட்டில் திருப்புவீர். கல்லின் விளிம்புக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு கை நுழையாது. பஸ்காரர்கள்கூட நின்று பார்ப்பார்கள். எனக்கு இது தெரியாதா? உம்முடன் எத்தனை முறை பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தவன் நான்.

நட்டுப் பிடித்த அடுத்த நாள் காலை மனைவியை ஏற்றிக்கொண்டு புங்குடுதீவு மடத்துவெளி வீட்டிலிருந்து வேலணைக்குப் புறப்பட்டீர். முன்னுக்குத் தெருவில் தண்ணீர் ஏறி ஒரு பஸ் அகப்பட்டு நின்றதாம். திரும்பிப் போவோம் என்று அந்த இடத்தில் வழமைபோல் வெட்டினீர். வண்டி வரவேண்டிய அளவுக்கு வளைந்து வரவில்லை. முன்சில்லு விளிம்பைத் தாண்டி இறங்கிற்று. கதவு திறந்து விழுந்த உம்முடைய மனைவியின் முழங்கால் கல்லில் நசிந்தது. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை.

இதுவரைக்கும் நடந்ததை முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பலாம். இதற்குப் பிறகு நான் செய்ததற்குப் பெயர் வேறு.

வண்டியை இழுத்துவந்து என் கராஜில்தான் விட்டார்கள். ஆட்கள் போனபிறகு, ஒரு பகல் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பின்னேரம் அச்சுக்குக் கீழே படுத்து அந்த நட்டை வெட்டி எடுத்தேன். இடத்தை அரத்தால் தேய்த்து எண்ணெய் பூசினேன். பொலிசுக்குப் பயந்தா, ஊருக்குப் பயந்தா, உமக்குப் பயந்தா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது.

இரண்டு நாள் கழித்து ஆசுபத்திரியிலிருந்து நேரே வந்தீர். வண்டி குற்றியில் நின்றது. ஏறி இருந்து ஸ்ரியறிங்கை வலது பக்கம் முழுதாக வெட்டினீர். பிறகு இடது பக்கம். மறுபடியும் வலது. சில்லு தடையில்லாமல் திரும்பிற்று. நான் பக்கத்தில் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"சரியாத்தானே திரும்புது" என்றீர்.

"ஓம்" என்றேன்.

"அப்ப என்ரை கைதான் பிழைச்சுப்போச்சு."

நான் துணியை உதறி ஆணியில் கொழுவினேன். நீர் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனீர். அதற்குப் பிறகு ஒரு வண்டியையும் தொடவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு தெற்கில் மைத்துனரின் கடைக்குப் போய் வெங்காயம் நிறுத்துக் கொடுத்தீர். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வரும்போது பஸ்ஸில் கடைசிச் சீற்றில்தான் இருப்பீராம், தெரு கண்ணில் படாமல். பெரிய சில்லுப் பூட்டினதுதான் வினை என்று ஊரில் யாராவது என்னைக் குறை சொன்னால், நீர் அவர்களோடு சண்டைக்குப் போவீர். "அவர்ரை வேலையிலை பிழையில்லை. கெட்டிக்காரன் அவர். பிழை என்ரை கையிலை." நான் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறேன். சோடா உடைத்துத் தந்திருக்கிறேன்.

போன மாசியில் உம்முடைய உடலோடு மனைவி தெற்கிலிருந்து ஊருக்கு வந்தா. நெஞ்சுநோ என்றார்கள். நானும் தோள் கொடுத்தேன்.

சரவணைக்காரரிடம் வருகிறேன். அவருடைய பிக்கப்பில் முன்சில்லு இரண்டையும் பூட்டி, மேலே மணல்மூட்டை அடுக்கி, நிலத்தில் வைத்து ஸ்ரியறிங்கை வெட்டிக் காட்டினேன். உரசிற்று. "இதைத் தடுக்கலாம், ஆனால் வண்டி முந்தியமாதிரி ஒடுங்கின இடத்திலை திரும்பாது" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். கெட்டிக்காரன் என்றார்களே என்று முணுமுணுத்துக்கொண்டு சில்லுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. முன்பின் தெரியாத மனிதருக்கு அதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. 

நேற்று மடத்துவெளிக்குப் போனேன். உம்முடைய மனைவி காலை இழுத்து இழுத்து நடந்துவந்து கதிரை போட்டா. தேத்தண்ணி வைத்தா. நான் நட்டைப் பிடித்ததையும் வெட்டியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தா.

"என்ரை கால் போனது போகட்டும் அண்ணை" என்றா. "அந்த மனிசன் ஆறு வருசமாத் தன்ரை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தது. நித்திரையிலையும் ஸ்ரியறிங் வெட்டும். ஏன் அண்ணை அந்தக் கையைப் பறிச்சனீங்கள்?"

 பிறகு அவவே, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றா. குடித்துவிட்டு எழும்பினேன். வாசல் படலைவரை வந்தா, வழமைபோல் போட்டு வாருங்கோ என்று வழியனுப்பவில்லை.

அவவின் கேள்வியோடுதான் இனி இருக்கப் போகிறேன். அதற்குப் பதில் தேடி இதை எழுதவில்லை. உமது கை பிழைவிடவில்லை. இந்த மூன்று சொல்லைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது, நீரும் இருந்தீர்.