உன் மாமா பிடித்த சுக்கான்

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு, கெங்குவார்பட்டியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், இந்த வாரம் வழக்கத்தைவிட ரொம்பவே நலம். நீ எந்தக் கடலில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க நம் அம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே "பாவம்மா மாமா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உன் கப்பல் கம்பெனியின் சிங்கப்பூர் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். ஆற அமர முழுதும் படி.

நீ லீவில் வந்திருந்த வருசம், கண்மாய்த் தெப்பத்தின் வடம் அறுந்து அது தன்போக்கில் போனதும், நீ நீந்திப் போய் ஏறி மூங்கிலை ஊன்றித் திருப்பிக் கரை சேர்த்தாய். அதற்குக் கமிட்டித் தலைவர், என் கூடப்பிறந்த அண்ணன் செல்லப்பாண்டி என்ன செய்தார்? "பொட்டச்சி கால் பட்டுருச்சு, தீட்டு" என்று மைக்கில் சொல்லி, ஊர் பார்க்க மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தெப்பத்தைக் கழுவ வைத்தார். அன்று பஸ் ஏறியவள்தான் நீ, இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

இந்த வருசம் வடத்துக்குப் பதில் தெப்பத்துக்கு எஞ்சின் வைத்தார்கள். குமுளிப் பக்கம் படகு ஓட்டும் ஜேசுராஜ் வந்து, பின்னால் தண்ணீருக்குள் ஒரு பலகையும் அதைத் திருப்ப மேலே ஒரு கைக்கட்டையும் மாட்டினார். சிலர் அதை வால் என்றார்கள், பூசாரி பின்துடுப்பு என்றார், மைக்கில் தெப்ப ஸ்டீரிங் என்றே அறிவித்தார்கள். சுக்கான் என்று சொன்னது நானும் ஜேசுராஜும்தான், மலையாளத்திலும் அதே பேர்தானாம். நீ சொல்லித் தந்த வார்த்தையாயிற்றே, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பிடிக்கிறவருக்குத்தான் பரிவட்டம், முதல் மரியாதை என்று முடிவானதும் உன் மாமா விடுவாரா? ஜேசுராஜ் பழக்கிவிட வந்ததற்கு, காலமெல்லாம் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கே பாடமா என்று விரட்டிவிட்டார். ஆனால் உள்ளுக்குள் பயம். முந்தின நாள் நம் வீட்டுக்கு வந்து, "ஆத்தா, மகளுக்குப் போனப் போட்டு அத எப்படித் திருப்பணும்னு கேளேன்" என்றார். கைக்கட்டையை எந்தப் பக்கம் தள்ளினாலும் படகு அதற்கு எதிர்ப்பக்கம்தான் போகும் என்று நீ தட்டில் கரண்டியை வைத்துக் காட்டியது எனக்கு மறக்குமா? ஆனாலும் வாய் கூசாமல் சொன்னேன், "இதுக்கு எதுக்குண்ணே போனு, எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் தள்ளுங்க, டிராக்டர் மாதிரிதான்" என்று. கரையோரம் முழங்கால் தண்ணீர்தான், எஞ்சினை நிறுத்த ஜேசுராஜ் கூடவே இருப்பார் என்பதையும் யோசித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நடு மண்டபத்தை வலம் வர வேண்டிய தெப்பம். உன் மாமா வலப்பக்கம் தள்ள, அம்மன் இடப்பக்கம் கிளம்பிவிட்டாள். இன்னும் ஓங்கித் தள்ளினார், இன்னும் இடப்பக்கம் போனது. ஜேசுராஜ் "சேட்டா, எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்" என்று கத்தக் கத்த, ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சேற்றில் குத்தி நின்றது. பரிவட்டமும் சேற்றில். பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நான் பொத்தவில்லை. அம்மனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு மாவிளக்கு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் உன் மாமா வந்து வாசலிலேயே நின்றார். "தெரிஞ்சேதான் சொன்னியா?" என்றார். "தெரிஞ்சேதாண்ணே சொன்னேன். எம் மக கால் பட்ட எடத்தக் கழுவச் சொன்னீகள்ல" என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். இப்போது கமிட்டிக்காரர்களே, அடுத்த வருசம் சுபாஸ்ரீ வந்து பிடிப்பாளா என்று கேட்டுவிட்டார்கள். உன்னைக் கூப்பிட அவரும் போன் செய்வார், குரல் தழுதழுக்கப் பேசுவார். நீ இளகின மனசுக்காரி, பரவாயில்லை மாமா என்று சொல்லித் தொலைத்துவிடாதே. அவரே பஸ் ஸ்டாப்புக்கு வந்து, உன் பெட்டியைத் தலையில் வைத்து, கடைத்தெரு வழியாக நம் வீடு வரைக்கும் தூக்கி வர வேண்டும். அதற்குச் சம்மதமா என்று மட்டும் கேள். சம்மதம் என்றால் உடனே லீவு போடு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இரு, தாயி. தலைக்கு எண்ணெய் வை. பெட்டியில் கனமான சாமானாகப் பார்த்து அடுக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா சந்தனம்மாள்