கடலை வூட்டுப் பள்ளிக்கூடம்

1946, கார்த்திகை 5

சிறுவாச்சூரிலிருந்து வண்டிப்பாதையில் இடுப்பு ஒடிய இந்தப் பூசாரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். பேத்தி ஜெயலட்சுமிக்கு இங்கே டீச்சர் வேலை. கல்யாணமாகாத பெண்ணாயிற்றே என்று துணைக்கு என்னை ஏற்றி அனுப்பிவிட்டான் என் மகன் வேணுகோபால். திருச்சியில் இரண்டு வருஷம் டிரெயினிங் படித்தவளுக்குக் காவல், அஞ்சாவதோடு நின்ற நான். அந்தக் காலத்து அஞ்சாவது, லேசில்லை.

அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு இதுதான். தை மாசம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்று சொன்னால் ஜெயா வேலையில் இருக்கலாம். இல்லையென்றால் மாசியில் குரும்பலூர்க்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு நெல் மிஷின் இருக்கிறது. செத்துப்போன சம்சாரத்தின் பிள்ளைகள் இருக்கின்றன. தலையில் முடிதான் இல்லை.

எனக்குத் தெரியாதா, பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன்.

கார்த்திகை 6

பள்ளிக்கூடம் பார்த்தோம். ஓட்டுக் கட்டடம். கதவு உண்டு, ஜன்னல் உண்டு. உள்ளே முகடு வரைக்கும் கடலை மூட்டை! மானேஜர் சின்னதுரையின் சொந்தப் பள்ளிக்கூடம். சர்க்கார் கொடுக்கிற கிராண்டும் அவருக்கு, வெள்ளாமையும் அவருக்கு.

"பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?" என்றாள் ஜெயா.

"புளிய மரம் எதுக்கு இருக்கு டீச்சர்? நல்ல காத்து. வெல ஏறட்டும், எடுத்துடறேன்."

அதுவும் சரிதான். கடலை படிக்கட்டும், பிள்ளைகள் காயட்டும்.

கார்த்திகை 14

பொருளைக் காட்டிப் பாடம் நடத்தணும் என்று டிரெயினிங்கில் சொன்னார்களாம். பத்துக் கடலையை வைத்து, மூன்று போனால் மீதி எத்தனை என்று கேட்டாள். மீதியே இல்லை. தின்றுவிட்டார்கள்.

கார்த்திகை 22

கரும்பலகை கிடையாது, சாக்கட்டி கிடையாது. கேட்டால் "யுத்தம்" என்கிறார் மானேஜர். யுத்தம் முடிந்து வருஷம் தாண்டிவிட்டது, அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுகிறார்கள். ஆடுகள் நடந்து நடந்து திருத்துகின்றன.

மார்கழி 2

பாப்பாத்தி என்று ஒரு பொடிசு. ஜன்னல் வழியாகக் கடலை உருவப் போய்க் காவல்காரன் சாமிக்கண்ணுவிடம் புளியங்குச்சி விளாறால் அடி வாங்கிக்கொண்டு வந்தது. கட்டடத்துப் பக்கம் எந்தப் பிள்ளை போனாலும் இதேதான். ஜெயா அவனிடம் சண்டைக்குப் போனாள்.

"எனக்குச் சம்பளம் கடலைக்குத்தாம்மா, பிள்ளைக்கு இல்ல" என்றானாம். நியாயஸ்தன்.

மார்கழி 20

காற்றோடு போட்டி போட்டுக் கத்தி ஜெயாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "போதும்டி, ஊருக்குப் போயிடலாம்" என்றேன்.

"பாப்பாத்தி நேத்து அவ பேரைத் தானா எழுதிட்டா அப்பத்தா" என்கிறாள்.

நான் என்ன கேட்டேன், இவள் என்ன சொல்கிறாள்?

1947, தை 1

பொங்கல். இங்கேதான்.

தை 8

நாளை இன்ஸ்பெக்டர். மூட்டைகள் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. தரையைச் சாணம் மெழுகி, மாவிலை கட்டி, சரஸ்வதி படமும் மாட்டியாயிற்று. சரஸ்வதியும் அந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் வருகிறாள்.

"வருஷம் பூரா உள்ளதான் நடக்குதுன்னு சொல்லிடுங்க டீச்சர். நீங்களும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்" என்றார் மானேஜர்.

ஜெயா மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்யப் போய்விட்டாள். சொல்லித் தொலையேன்டி! மாசி வருதே — அந்த வழுக்கையைக் கட்டிக்கிட்டு காலம் பூரா என்னடி பண்ணுவ?

தை 9

எனக்கு வருவது சிரிப்பா, ஆத்திரமா?

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கதவு விரியத் திறந்திருக்கிறது, ஒரு பிள்ளைகூட உள்ளே போகவில்லை. வாசலில் மந்தையாக நிற்கிறார்கள். ஜெயா கூப்பிட்டும் நகரவில்லை.

"கூச்சப்படுதுங்க" என்று மானேஜர் பல்லைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் பாப்பாத்தியைப் பார்த்து, "உள்ள வாம்மா" என்றார்.

"மாட்டேங்க. அது கடலை வூடு. போனா அடிப்பாங்க. எங்க பள்ளிக்கூடம் அங்க இருக்கு" என்று புளிய மரத்தைக் காட்டியது அது.

மனுஷர் ஜெயா பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா?"

மானேஜர் இருமினார். நானும் இருமினேன்.

"நான் வந்த நாள்லேர்ந்துங்க சார்."

இப்படி வளர்த்து வைத்திருக்கிறானே, என் மகனைச் சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மரத்து வேரில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். கார்த்திகையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் வாசித்தார்கள்! போகும்போது மானேஜரிடம் சொன்னார்: டீச்சர் நன்றாக நடத்துகிறார். ஒரு மாசத்துக்குள் கட்டடம் பிள்ளைகள் கைக்கு வராவிட்டால் கிராண்ட் நிற்கும். டிரெயினிங் முடித்த இந்த டீச்சர் போனாலும் நிற்கும்.

சைக்கிள் மறைந்ததும், "பெரியம்மா, உங்க பேத்தி என் குடியைக் கெடுத்துட்டா" என்று குதித்தார் மானேஜர்.

"அப்ப வண்டி கட்டச் சொல்லட்டுமா தம்பி?"

"ஐயையோ, இருங்க இருங்க!"

தை 15

மாட்டுக்கொட்டகையில் எலி. நாங்கள் குடியிருக்கும் வீடும் மானேஜருடையதுதான். ஆகவே கடலை இப்போது எங்களோடு குடித்தனம். எனக்குக் கால் நீட்ட இடமில்லை.

பிள்ளைகள் நேற்றுவரை கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. கடைசியில் ஜெயா சொல்லி, சாமிக்கண்ணு விளாறை வெளியே எறிந்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொன்றாக நுழைந்தன. பாடம் முடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. குளுமையாக இருக்கிறதாம்.

மாசி 2

வேணுகோபால் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சரி என்றதை நான் எடுத்துச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குரும்பலூர்ல நாள் பார்த்துட்டாங்கம்மா. அவளை வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பச் சொல்லு."

"நீயே போய்ச் சொல்லு" என்று கூட்டிப் போனேன்.

வாசலில் பாப்பாத்தி மறித்தது. "சத்தம் போடாதீங்க. டீச்சரம்மா பாடம் நடத்துறாங்க."

ஊரில் எங்கள் பண்ணையில் என் மகன் குரல் கேட்டால் மாடே எழுந்து நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரம் மணி அடிக்கும்வரை நின்றான். ஜெயா வெளியே வந்ததும், "சாப்பிட்டியாம்மா?" என்றான்.

வண்டியில் ஏறும்போது, "குரும்பலூருக்கு நான் சொல்லிக்கிறேன். நீயாச்சும் வரியாம்மா?" என்று கேட்டான்.

"எனக்கு நாளைக்கு வேலை இருக்குடா" என்றேன்.

என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. நல்லவேளை. எனக்கும் தெரியாது.