தெர்மாமீட்டரின் மேல் வெயில் படக்கூடாது

பழங்காநத்தம், மதுரை
தாது வருஷம், வைகாசி மாதம்

சிரஞ்சீவி அனந்தராமனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேனே தவிர, உன் போன கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பூனாவில் உன் சாப்பாடும் தேகமும் சரியாய் இருக்கும் என்று நம்புகிறோம். நம்பத்தான் வேண்டும், நீதான் அதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லையே.

மதுரையிலிருந்து வரும் பகல் உஷ்ணம் எல்லாம் தப்பு, கத்திரி வெயிலில் தொண்ணூற்றைந்து டிகிரி என்று எழுத மதுரை என்ன கொடைக்கானலா என்று உன் வானிலை ஆபீஸ் மேலதிகாரி கேட்டாராம். இந்த மாதமும் இப்படியே போனால் நம் கொல்லையில் வைக்கக் கொடுத்த தெர்மாமீட்டர் பெட்டியைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். உன் வேலை நிரந்தரமாகிற சமயத்தில், என்னிடம் கொடுக்கச் சிபாரிசு செய்த உனக்குக் கெட்ட பெயராம். எல்லாம் சரி, அதற்குக் கீழே "அப்பாவுக்குக் கண் மங்கியிருக்கலாம், கண்ணாடி மாற்றிக்கொள்ளவும்" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மில் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்துகொண்டு நாள் முழுக்க எண்களைத்தான் பார்க்கிறேன், ஒருவன் ஒரு குறை சொன்னதில்லை. பெற்ற பிள்ளை சொல்கிறான்.

அந்தப் பெட்டியை நிறுத்த நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா. சுவரிலிருந்து தள்ளி, மரத்திலிருந்து தள்ளி, திறந்த வெளியில், நாலடி உயரத்தில், கதவு வடக்கே பார்க்க என்று நீ எழுதிய அத்தனையும் செய்தேன். கொல்லையில் நல்லாய்க் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை இதற்காகவே வெட்டினேன், உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குழி தோண்ட வந்த மொக்கையன், சாய்த்துச் சாய்த்துப் பலகை அடித்த அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி, எல்லாக் கோயிலும் கெழக்க பாத்திருக்கு, இத மட்டும் ஏன் வடக்க பாத்து வைக்கிறீக, குடும்பத்துக்கு ஆகாது" என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். இது கோயில் இல்லையடா, கிழக்கே பார்த்து வைத்தால் காலையில் கதவைத் திறந்ததும் சூரியன் உள்ளே அடிக்கும் என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அப்படி நிறுத்திய பெட்டியில் தினம் காலையில் ஒரு தரம், ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு தரம் பார்த்து எழுதுகிறேன். பகலில் எவ்வளவு ஏறியதோ அங்கேயே நிற்கிற குழாய் ஒன்று உண்டே, அதைச் சாயங்காலம் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் உதறி இறக்குகிறேன். அதற்குப் பிறகும் தப்பு என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

நீ சொல்லிவிட்டாயே என்று முந்தாநாள் அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு வேறு கண்ணாடி வேண்டாம், பேசாமல் போங்கள் ஓய் என்றார். நல்ல உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தால், அடடா, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை உன் மேலதிகாரி பார்த்திருக்க வேண்டும்! பெட்டியைச் சுற்றி நாலு மூங்கில், மேலே தென்னங்கீற்றுப் பந்தல், நாலு பக்கமும் நம் கூடத்து ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டிகள். பால்காரி ஒச்சம்மாள் கிணற்றில் இறைத்துக் கொடுக்க, உன் அம்மா செம்பு செம்பாய்த் தட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஜிலுஜிலுவென்று இருக்கிறது அந்த இடம், நானே உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளலாம் போல. கத்திரி பிறந்ததிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறதாம். வெயில் தாழ்ந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து, தட்டிகளைத் திரும்பக் கூடத்து ஜன்னலில் கட்டிவிடுவாளாம், நான் வந்தால் காற்று வேண்டுமே என்று. அந்தக் காற்றில் உட்கார்ந்துகொண்டுதான் நான் தினம் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

கத்தினேன், ஒளிப்பானேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உன் அம்மா அசையவில்லை. "ஏன்னா இப்படிக் கத்தறேள்? தெர்மாமீட்டர் மேல வெயில் படப்படாதுன்னு குழந்தை எழுதியிருக்கான்னு நீங்கதானே வாசிச்சேள்? நீங்க பாட்டுக்கு ஆபீஸுக்குப் போயிடறேள், அது பகல் பூரா காயறது" என்றாள். ஒச்சம்மாள் வேறு, "அம்புட்டுத் தூரத்துல இருந்து புள்ள அனுப்பினதுங்க, காய விடலாமா சாமி" என்று ஒத்து ஊதினாள். அந்தப் பலகைகளே நிழல்தான், அதற்கு மேல் நிழல் கூடாது என்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. "அவனுக்கு ஜுரம் நூத்திநாலு போனப்போ ஈரத்துணி போட்டுத்தானே இறக்கினேன், அப்போ தெர்மாமீட்டரைப் பாத்துப் பாத்து நீங்கதானே சந்தோஷப்பட்டேள்" என்கிறாள்.

ஆகவே, என் கண் சரியாய் இருக்கிறது, உன் கருவியும் சரியாய் இருக்கிறது. கத்திரி பிறந்ததிலிருந்து போன பகல் கணக்கை மட்டும் அடித்துவிடச் சொல். காரணத்தை உள்ளபடி சொல்லிவிடு, உன் ஆபீஸில் சிரித்தால் சிரிக்கட்டும், பொய் எண் நம் வீட்டிலிருந்து போனது என்று இருக்கக்கூடாது. ஆனால் உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதோடு தீரவில்லை அனந்து. போன தைக்குப் பிறகு நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். பெட்டி, குழாய், காற்று, நிழல், கதவு. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒன்றில்கூடக் கிடையாது. ஒவ்வொன்றையும் அவளுக்கு நான்தான் உரக்க வாசித்தேன். உனக்காக அவள் செய்யக்கூடியதாக அதில் இருந்தது அந்த ஒரு வரிதான், வெயில் படக்கூடாது என்பது. அதைச் செய்தாள். அவளைப் போய்த் தெருக் கேட்கத் திட்டினேன்.

ஜானு ஆடிக்கு வருகிறாள், மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லிலேயே வேலை உறுதியாகிவிட்டது. அங்கே மழை ஆரம்பித்தால் நனையாதே, ஓட்டலில் பழைய எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. தீர்க்காயுசாக இரு, உத்தியோகம் நிலைத்து மீனாக்ஷி கிருபையால் மேலே வா. மறந்துவிடாதே, அம்மாவுக்கென்று தனியாய் ஒரு கடிதம் போடு. அதில் பெட்டி என்ற பேச்சே வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாயிருக்கும் அப்பா,
சீதாராமன்

பி.கு.: இன்று தட்டி கட்டவில்லை. சாயங்காலம் பார்த்தேன், நூற்றைந்து. இதைப் போய் உன் மேலதிகாரியிடம் காட்டு. அம்மாவிடம் சொன்னதும், "நூத்தஞ்சா!" என்று எழுந்து நின்றுவிட்டாள். கொல்லைக் கதவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில், "அவன் இருக்கற ஊர்ல எவ்வளவுன்னு கேட்டு எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.